ஒழுகாத ஜன்னல்கள்

"கண்ணாடியில நிக்கிற இந்தத் துளி உள்ள இருக்கா, வெளிய இருக்கா, சொல்லு தாயி?"

பதினோரு வருடங்களுக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சிக்கந்தர் பாய் மாயக்காளிடம் கேட்டது இது. திருப்பரங்குன்றம் போகிற சாலையில், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அவருடைய பட்டறையில், கட்டி முடித்த ஒரு வண்டிக்குள் அவளை உட்கார வைத்து, வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடிக்கச் சொல்லியிருந்தார். மாயக்காள் துளியை உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை.

"கண்ண நம்பாத. கண்ணாடியில கண்ணு ஏமாந்து போகும். வெரல வச்சுத் தேச்சுப் பாரு. அழிஞ்சா உள்ள, அழியாட்டி வெளிய. அம்புட்டுத்தான் வேலை."

அம்புட்டுத்தான் வேலை. ஒவ்வொரு வண்டியும் பட்டறையை விட்டுப் போவதற்கு முன்னால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்வாள். வெளியே நிற்பவர் ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் அடிப்பார். ஒழுகினால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கண்ணாடியில் ஒரு தட்டு. ஒழுகாவிட்டால் இரண்டு தட்டு. இரண்டு தட்டுக் கேட்டால் வெளியே நிற்பவர் அடுத்த ஜன்னலுக்குப் போவார். மற்ற நேரங்களில் சாக்பீஸ் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து பட்டி உருட்டுவாள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பூசுகிற பட்டி. பதினோரு வருடத்தில் அவள் விரல் ஒருநாளும் ஏமாந்ததில்லை. அந்தப் படகு வருகிற வரைக்கும்.

அது எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோடை. மழை கண்ணில் படாமல் போய், கண்மாய்கள் வெடித்து, ஊரே நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து, காறிக் காறித் துப்புகிற அடிகுழாயில் வரிசை நின்று இரண்டு குடம் தேற்றுவதற்குள்ளேயே மாயக்காளுக்கு அன்றைய நாளின் தெம்பு முழுக்கத் தீர்ந்துவிடும். மிச்ச நாளை இழுத்துக்கொண்டுதான் நடந்தாள். பஸ் வேலையும் குறைந்துபோன அந்தச் சித்திரையில்தான் லாட்ஜ் வைத்திருக்கும் மொக்கைச்சாமி, தூத்துக்குடிப் பக்கம் ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். துரைமார் காலத்துப் படகு. பக்கத்துக்கு நான்காக எட்டு ஜன்னல்கள். எட்டும் ஒழுகுகிறதாம். சட்டங்களை மாற்றி, கண்ணாடி போட்டுக் கொடுத்தால், மழை வந்த பிறகு ஏதாவது அணையில் விட்டு ஜனங்களைச் சுற்றிக் காட்டலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

பனங்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் படகை இறக்கி வைத்தார்கள். வெள்ளை வண்ணம் மீன் செதிலைப் போல உரிந்து தொங்கியது. பெயர் எழுதியிருந்த இடத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"மதினி, மதுரைக்குக் கப்பல் வந்துருச்சு," என்றான் தகர வேலை பார்க்கும் சுருளி. "கடலு பின்னாடி வேற லாரியில வருதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாயக்காளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தவள், படகுக்கு அடியில் புழுதி ஓரிடத்தில் கறுத்திருப்பதைப் பார்த்தாள். நாய் ஏதாவது காலைத் தூக்கியிருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில், ஒரு கொக்குகூட நிழலுக்கு ஒதுங்க இடமில்லாத நேரத்தில், அந்தக் கறுப்பு நான்காகியிருந்தது. வரிசையாக. அந்தப் பக்கத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேர் கீழே ஒன்று. அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் அடிச்சட்டத்திலிருந்து படகின் உடம்பு வழியாக ஈரக் கோடு ஒன்று மெல்ல இறங்கி, நுனியில் துளியாகத் திரண்டு, யோசித்து நிற்பதைப் போல நின்று, விழுந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு காலால் காய்ந்த புழுதியைத் தள்ளி ஈரத்தை மூடினாள்.

ஏன் மூடினாள் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னல் வேலை அவள் புருஷன் நல்லகாமனுடையது. போன ஐப்பசியில், வராமல் வந்த ஒற்றை மழையில், மாயக்காள் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அவன் ஜன்னல் மாட்டி, தண்ணீர் அடித்துப் பார்க்காமலே போன பஸ் ஒன்று பேரையூருக்குப் போன கல்யாணக் கோஷ்டியை உள்ளே வைத்து நனைத்துவிட்டது. மணப்பெண்ணின் மடியில் தண்ணீர் கொட்டியதாம். பாய் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நல்லகாமா, உன் கை எப்படின்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு வண்டி ஒழுகுச்சுன்னா ஜன்னலுக்கு நான் வேற ஆளத்தான் பாக்கணும். மனசுல வச்சுக்க," என்று மட்டும் சொன்னார்.

கையில் குறை இல்லை. நல்லகாமனின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பட்டறையில் யாருக்கும் அது தெரியாது. கீழே கிடக்கும் கட்டைகளைக் காலால் துழாவித் துழாவி நடப்பான். கேட்டால் முழங்கால் வலி என்பான். சட்டத்தின் இடுக்கை விரலால் தடவித்தான் பார்ப்பான். பட்டி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று மாயக்காள் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் சொல்லுவாள். இந்தப் பட்டறையை விட்டால் அந்தக் கண்ணுக்கு வேறு எந்தப் பட்டறையும் இடம் கொடுக்காது. அதனால் படகு ஒழுகுகிறது என்று யாரும் பேசும்படி விட்டுவிடக் கூடாது. இப்போதும் கூடாது, பிறகும் கூடாது.

பழைய சட்டங்களைக் கழற்றிய அன்று பட்டறையின் நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். பித்தளைச் சட்டம், பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது.

"எந்தக் கிறுக்குப்பய மாட்டுனான் இத," என்றான் நல்லகாமன், விரலால் தடவிக்கொண்டே. "பட்டிய உள்பக்கம் பூசியிருக்கான் பாய். அடிச்சட்டத்துலயும் அதுக்குக் கீழ பலகையிலயும் ஓட்டை ஓட்டையா வேற போட்டிருக்கான். சரிவும் வெளிய பாக்க இருக்கு."

"உள்ளயே குளிப்பாய்ங்க போல அண்ணே," என்றான் சுருளி. "தொரைமார்ல. குளிச்ச தண்ணி போகணும்ல."

பாய் சிரிக்காமல் ஓட்டைகளைப் பார்த்தார். "அவன் எப்படியும் மாட்டிட்டுப் போறான். நீ நம்ம முறைக்கு மாட்டு. ஓட்டைய எல்லாம் அடை. பட்டிய வெளிய பூசு. ரெட்டை ரப்பர் கொடு. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

"போகாது பாய்."

பஸ் கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் என்றால் அது வெளியிலிருந்து வருவது. வானத்திலிருந்து வரும், அல்லது குழாயிலிருந்து வரும். ஜன்னலில் ஓட்டை இருந்தால் அடைப்பார்கள். அந்த ஓட்டை எதற்காக இருந்தது என்று கேட்கும் பழக்கம் அவர்களில் யாருக்கும் இல்லை.

மாயக்காள் மட்டும் அன்று இரவு அந்த ஓட்டைகளையும் புழுதியில் விழுந்த துளிகளையும் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். ஆனால் சொல்ல வாய் திறந்தபோது நல்லகாமன் முந்திக்கொண்டான். "இந்த வேலை நல்லபடியா முடியட்டும் மாயி. பாய்கிட்ட கண்ணு விசயத்த நானே சொல்லிருவேன். ஒரு மாசம் லீவு கேட்டு ஆப்பரேசன் பண்ணிக்கிருவோம். இம்புட்டு நாள் ஒளிச்சது போதும். அசதியா இருக்கு." அவன் சிரித்த திசை அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களெல்லாம் அவளுக்குத் துடைக்கிற நாட்களாகப் போயின. காலையில் படகுக்குள் பலகை காய்ந்து, வெயிலில் முறுகி, காலடியில் கிறீச்சிடும். நிழல் காலுக்கடியில் சுருங்கும் நேரத்தில் ஜன்னல்களுக்குக் கீழே மரம் மெல்ல நிறம் மாறும். வியர்ப்பதைப் போல முதலில் பொட்டுப் பொட்டாக. பிறகு பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூலாக. பிறகு நூல் ஓடத் தொடங்கும். விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். உப்பு. வாயைத் துடைத்துக்கொண்ட பிறகும் வெகுநேரம் உப்பு. முதல் நாள் ஒரு துணி போதுமாக இருந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் வாளி. "கப்பலக் கழுவுறேன்," என்று சுருளியிடம் சொன்னாள். "கழுவத் தண்ணி ஏது மதினி, எனக்குக் குடிக்கவே இல்ல," என்றான் அவன், வேலையிலிருந்து தலை தூக்காமல். பிழிந்த தண்ணீரை வேலிக்குப் பின்னால் கொண்டுபோய் ஊற்றினாள். எந்த வறட்சிக்கும் அசையாத கருவேலஞ்செடி ஒன்று அங்கே நான்கு நாளில் வெளுத்துச் செத்தது. அத்தனை தண்ணீரையும் தொட்டுப் பிழிந்து, தொண்டை வறண்டு, ஒரு வாய்கூடக் குடிக்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனாள். காய்ந்த துணிகள் அட்டையைப் போல விறைத்து நின்றன.

நல்லகாமன் புதுச் சட்டங்களை ஒவ்வொன்றாக மாட்டினான். ஒரு சட்டம் ஏறியதும் அந்த ஜன்னலில் ஒழுகுவது நின்றுவிடும். மற்றவற்றில் கூடும். ஏழாவது சட்டம் மாட்டியபோது எட்டாவது ஜன்னலின் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் குழாயைப் போல வடிந்தது. சுருளியும் பாயும் சாப்பிடப் போயிருந்த நேரம். அவள் முந்தானையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணி வழியாக, ஓட்டையின் மறுபக்கத்திலிருந்து, ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையை மெல்ல உறிஞ்சுவதைப் போல இருந்தது.

"என்ன அங்க சளசளன்னு சத்தம்?" என்றான் நல்லகாமன், பட்டியை விரலால் தீற்றிக்கொண்டே.

"ஒண்ணுமில்லங்க. நீங்க மாட்டுங்க. சீக்கிரம் மாட்டுங்க."

வியாழக்கிழமை எட்டாவது சட்டமும் ஏறியது. கதவு இடுக்குக்கும் புது ரப்பர் கொடுத்தான். அன்று ஈரமே இல்லை. உச்சி தாண்டியும், வெயில் சாய்ந்தும் பலகை காய்ந்தே கிடந்தது. படகுக்கு அடியில் புழுதி பழுப்பாய், சாதாரணப் புழுதியாய் இருந்தது. மாயக்காளுக்கு அழுகை வந்தது. எத்தனை நாள் அசதி அது. கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகலாம் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

உள்ளே ரப்பர் வாசமும் ஆளிவிதை எண்ணெய் வாசமும் புழுங்கி நின்றன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாசம், குளிர்ந்த வாசம், மூடி வைத்த பானையைத் திறந்தால் வருவதைப் போல ஒன்று. வெளிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சாலையில் லாரி போவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நல்லகாமன் அவ்வளவு இறுக்கமாக மாட்டியிருக்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது. பெருக்கிக்கொண்டே மூன்றாவது ஜன்னலுக்கு வந்தபோது கண்ணாடியில் ஒரு கை அச்சைப் பார்த்தாள். ஐந்து விரலும் அகன்று, உள்ளங்கை அழுந்தி. பட்டிக் கையோடு யாரோ தொட்டுவிட்டார்கள் போல.

முந்தானையால் துடைத்தாள். அழியவில்லை.

அப்படியானால் வெளியே இருக்கிறது. இறங்கிச் சுற்றிப் போய், முக்காலியைப் போட்டு ஏறி, வெளிப்பக்கம் துடைத்தாள். அழியவில்லை.

திரும்பவும் உள்ளே ஏறினாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி சுத்தமாக, வழுவழுவென்று விரலுக்குக் கீழே ஓடியது. அச்சு அப்படியே இருந்தது. பதினோரு வருடமாக அவள் விரலுக்குத் தெரிந்தவை இரண்டு பக்கங்கள் மட்டும்தான். விரலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். அச்சின் சுண்டு விரல் மெல்ல மடங்கியது.

விளக்குமாறு உள்ளேயே கிடந்தது. அவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் அடித்துப் பார்க்கிற நாள். அந்த வறட்சியில் இதற்கென்று பாய் அரை லாரித் தண்ணீர் சொல்லி வரவழைத்து, இரும்புத் தொட்டியில் நிரப்பி, மேலே தகரம் போட்டு மூடி வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன். அதுக்குள்ள எட்டையும் அடிச்சுப் பாத்துருங்க. சாயங்காலம் மொக்கைச்சாமி வந்துருவாரு. சுத்தமா இருந்துச்சுன்னா நல்லகாமா, உன்னைய இனிமே நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்." சுருளி அவருடைய மொபெட்டின் பின்னால் தொற்றிக்கொண்டான். வழியில் சாப்பாட்டுக் கடையில் இறங்கிக்கொள்வானாம். "மதினி, உள்ள போயி கப்பல ஓட்டிக்கிட்டுப் போயிறாதீக," என்று கத்திவிட்டுப் போனான். புழுதி அடங்கிய பிறகு பட்டறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"ஏறு மாயி," என்றான் நல்லகாமன், குழாயை எடுத்துக்கொண்டு.

அவள் அசையவில்லை.

"என்ன?"

சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் இத்தனை நாள் மறைத்ததைச் சொல்ல வேண்டும். படகு ஒழுகியது என்று சொல்ல வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் நல்லபடியாக முடியப் போகிறது. இரண்டு பக்கமும் அழியாத ஒரு கையைப் பற்றி இந்தக் கண் தெரியாத மனுஷனிடம் என்னவென்று சொல்வது? தூங்கினால் போதும் என்றிருந்தது.

"எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க. உள்ள புழுக்கம். இன்னைக்கு நான் வெளிய நிக்கிறேன். நீங்க உள்ள இருங்க."

"எனக்கு எங்க தெரியும், ஈரமா காஞ்சதான்னு?"

"தொட்டுப் பாத்தாப் போதும்ல. வெரல்ல தெரியும்."

அவன் குழாயை அவளிடம் கொடுத்தான். "நீயும்தான் எம்புட்டுத்தான் நிப்ப. சரி, நான் போறேன்." கட்டைகளைக் காலால் துழாவிக்கொண்டு போனான். இருமிக்கொண்டே படியில் ஏறினான். கதவு சாத்துகிற சத்தம். புது ரப்பர் கவ்விக்கொள்கிற சத்தம். இருமல் பாதியில் வெட்டியதைப் போல நின்றது.

முதல் ஜன்னல். தண்ணீர் கண்ணாடியில் விரிந்து, வெயிலை உடைத்துக்கொண்டு வழிந்தது. அவள் மேல் சட்டம், பக்கச் சட்டம், அடிச்சட்டம் என்று நிதானமாக நனைத்தாள். கொதிக்கிற மரத்தில் தண்ணீர் பட்டு மண் வாசம் எழுந்தது. உள்ளே நிழலாக நல்லகாமன் குனிந்து, சட்டத்தின் இடுக்குகளைத் தடவுவது தெரிந்தது.

இரண்டு தட்டு.

இரண்டாவது ஜன்னல். மறுபடியும் தடவுகிற விரல்கள். இரண்டு தட்டு. அவள் மூச்சு விட்டாள்.

மூன்றாவது ஜன்னலுக்கு வந்தபோது அந்தக் கை அச்சு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதற்குப் பின்னால் வெளிச்சம்தான் என்னவோ போலிருந்தது, கொஞ்சம் பச்சையாக, கொஞ்சம் ஆடிக்கொண்டு. வழிகிற தண்ணீரால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தாள். இரண்டு தட்டு வந்தது. மெத்தென்று, தொலைவிலிருந்து வருவதைப் போல வந்தது.

நான்காவது ஜன்னலில் அவள் இன்னும் தண்ணீர் அடிக்கவே இல்லை. தட்டு வந்துவிட்டது. இரண்டு.

"இருங்க, இன்னும் அடிக்கல," என்றாள் உரக்க.

இரண்டு தட்டு.

"நான் இன்னும் தொடவே இல்லங்க."

குழாயைத் தாழ்த்தினாள். மூன்றாவது கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது வடிந்து, கடைசித் துளியும் இறங்கி, வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்தது. கண்ணாடி காய்ந்த பிறகும் அதன் பாதி உயரத்தில் ஒரு கோடு நின்றது. டம்ளரில் தண்ணீர் நிற்கிற கோடு. லேசாகச் சாய்ந்து, திரும்பச் சமமாகி, மறுபடி சாய்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலே ஏறியது.

விரலை வைத்துத் தேய்த்தாள். அழியவில்லை.

கோடு ஏறியது.

இரண்டு தட்டு. நான்காவதில்.

இரண்டு தட்டு. முதலாவதில்.

ஒரே நேரத்தில்.

"ஏங்க."

படகின் அந்தப் பக்கமிருந்தும். ஐந்தாவதில். ஏழாவதில். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, இரண்டு தட்டு. ஒழுகவில்லை, ஒழுகவில்லை, ஒழுகவில்லை.

குழாய் கையிலிருந்து விழுந்தது. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. ஓடினாள். முக்காலி இடறியது. எழுந்து ஓடினாள். படகின் பின்பக்கம். படி. கதவுப் பிடி கொதித்தது. இழுத்தாள். ரப்பர் விடவில்லை. காலைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தாள். கிழிகிற சத்தம். திறந்தது.

தண்ணீர் வரவில்லை.

அனல் வந்தது. ரப்பர் வாசம் வந்தது. நல்லகாமன் வாசலில் நின்றான்.

சட்டை காய்ந்திருந்தது. தலை காய்ந்திருந்தது. முகத்தில் வியர்வை கூட இல்லை. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உசுரே போயிருச்சுங்க எனக்கு," என்றாள். "எதுக்கு அப்படித் தட்டுனீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். கொஞ்சமும் தள்ளாமல், அவளுடைய இரண்டு கண்ணுக்குள்ளும். அவன் விழிகள் கழுவி வைத்ததைப் போலக் கறுப்பாக, தெளிவாக இருந்தன.

அவளைத் தாண்டிப் படியில் இறங்கினான். பனங்கட்டைகள் இருந்த இடத்தில் காலைத் துழாவவில்லை. ஒவ்வொன்றாக, அளந்து தாண்டினான். இருமவில்லை.

"ஏங்க," என்றாள்.

நிற்கவில்லை.

மாயக்காள் திரும்பி உள்ளே பார்த்தாள். காய்ந்த பலகை. அவள் நேற்றுப் போட்டுவிட்டுப் போன விளக்குமாறு. வெள்ளையாக ஒரு சாக்பீஸ். வெயில் எட்டு ஜன்னல் வழியாகவும் எட்டுக் கட்டங்களாக விழுந்து கிடந்தது. ஈரம் இல்லை. ஆள் இல்லை. சத்தமும் இல்லை.

வெளியிலிருந்துதான் சத்தம் வந்தது. படகைச் சுற்றி, அந்தப் பக்கத்திலிருந்து. தட்டு. ஒரு தட்டு. பிறகு வெகுநேரம் கழித்து, பலம் குறைந்து, இன்னொன்று. ஒற்றைத் தட்டு. ஒழுகுகிறது.

நடந்தாள். ஓட முடியவில்லை. ஓடை மாதிரிப் போய்க்கொண்டிருந்த குழாய்த் தண்ணீரில் மிதித்து நடந்து மூன்றாவது ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடி மேல் சட்டம் வரைக்கும் பச்சையாக நிரம்பியிருந்தது. சட்டத்தின் எந்த இடுக்கிலும் ஒரு பொட்டு இல்லை. அவ்வளவு நேர்த்தி. அவன் மாட்டியதிலேயே நல்ல வேலை.

நல்லகாமன் உள்ளே நின்றான். கால் தரையில் இல்லை. சட்டை வீங்கி மெதுவாக அசைந்தது. தலைமுடி மேல்நோக்கி நின்றது. ஒரு கை கண்ணாடியில், ஐந்து விரலும் அகன்று.

அவள் தரையில் கிடந்த சுத்தியலை எடுத்து அடித்தாள். கை வலிக்கிற வரைக்கும் அடித்தாள். மலைப்பாறையில் அடித்ததைப் போலத் திரும்பித் திரும்பி வந்தது. கீறல் விழவில்லை. சுத்தியல் நழுவியது. அந்தக் கைக்கு நேராகத் தன் கையை வைத்தாள். கண்ணாடி குளிர்ந்திருந்தது. அந்த வெயிலில்.

புரை மூடிய அந்தக் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தன. அவள் திரும்பினாள்.

பட்டறை வாசலில், படகிலிருந்து இறங்கிப் போனவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். நல்லகாமனுடைய செருப்பு. மூங்கில் கேட்டில் தொங்கிய துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டான். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பினான். கண்ணாடிக்கு வெளியே அவளும் உள்ளே நல்லகாமனும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை பேசாமல் போனான்.